எழுதுகருவியின் உடைமை: லாடெக் எழுத்துக்காக உரைத்தொகுப்பியைத் தகவமைத்தல் பற்றிய சில விமர்சனக் குறிப்புகள்

1

எழுத்தாளன் எதனை எழுதுகிறான், யாருக்காக எழுதுகிறான் ஆகிய வினாக்கள் நமது விமர்சன மரபில் நன்கு நிலைபெற்றவை. எதனைக்கொண்டு எழுதுகிறான், அக்கருவியின்மீது அவனுக்குள்ள உரிமை யாது என்னும் வினா அத்துணை அழுத்தமாக எழுப்பப்பட்டதில்லை. வால்ரர் பெஞ்சமின் 1934இல் எழுதிய 'உற்பத்தியாளனாக எழுத்தாளன்' என்னும் உரை இவ்வினாவை நேரடியாக எதிர்கொண்டது. முற்போக்கான கருத்துக்களை எடுத்துரைப்பதோடு எழுத்தாளனின் பணி முடிந்துவிடுவதில்லை. தன் கைக்கு வந்த உற்பத்திச் சாதனத்தை மாற்றியமைக்கவும் அவன் கடமைப்பட்டவன் என்பது அவ்வுரையின் சாரம். பெஞ்சமின் கருத்திற் கொண்டவை அக்காலப் பத்திரிகை, நாடகம், புகைப்படம் என்பன. இன்று பல்கலைக்கழகத்தில் எழுதுவோரின் உற்பத்திச் சாதனம் கணினியும் அதில் இயங்கும் எழுதுமென்பொருளுமாகும்.

இக்கட்டுரை அத்தகைய சாதனமொன்றைக் குறித்தது. லாடெக் என்னும் அச்சுக்கோப்பு முறையில் ஆவணங்களை எழுதுவோர் தாம் பயன்படுத்தும் உரைத்தொகுப்பியைத் தமக்கேற்பத் தகவமைத்துக்கொள்வது கணிதம், பௌதிகம், கணினி விஞ்ஞானம் ஆகிய துறைகளில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகால வழக்கம். மொழித்துறையினரிடையேயும் அது சிறிது சிறிதாகப் பரவிவருகின்றது. இதனைத் தொழில்நுட்பச் சிறுவிடயமென ஒதுக்குவோர் உளர். எழுத்தாளனின் விடுதலையெனக் கொண்டாடுவோரும் உளர். இவ்விரு நிலைப்பாடுகளும் கருவியைச் சமூக உறவுகளிலிருந்து பிரித்து நோக்குவதால் எழுபவை. அவ்வுறவுகளுள் வைத்து நோக்கும்போது இவ்வழக்கத்தின் பெறுமதியும் எல்லையும் ஒருங்கே புலனாகும்.

லாடெக் பற்றி அறியாத வாசகருக்காகச் சில கூறுவோம். சொற்செயலியில் எழுதுபவர் பக்கத்தின் தோற்றத்தைத் திரையிலேயே காண்கிறார்; எழுத்தைத் தடிப்பாக்குவதும் ஓரத்தைக் குறைப்பதும் எழுதும்போதே நிகழ்கின்றன. லாடெக்கில் எழுதுபவரோ தமது உரையோடு கட்டளைகளையுஞ் சேர்த்துச் சாதாரண எழுத்துக்களாலான கோப்பொன்றில் எழுதுகிறார். பின்சாய்கோட்டோடு தொடங்கும் ஒரு சொல், இது அத்தியாயத் தலைப்பு, இது அடிக்குறிப்பு, இது மேற்கோள் என அறிவிக்கும். அக்கோப்பினை லாடெக் வாசித்து, வரிகளையும் பக்கங்களையும் வகுத்து, அச்சுக்குரிய வடிவத்தை ஆக்கித்தரும். கோப்பு சாதாரண எழுத்தாலானது ஆதலின் அதனை எழுத எந்த உரைத்தொகுப்பியும் போதும். எழுதுங் கருவியும் அச்சுக்கோக்குங் கருவியும் இவ்வாறு வெவ்வேறாக இருப்பதே, எழுதுங் கருவியை எழுதுபவர் விரும்பியவாறு அமைத்துக்கொள்ள இடமளிக்கின்றது.

2

லாடெக்கின் அடித்தளமாகிய டெக் என்னும் மென்பொருளின் தோற்றம் அச்சுத்தொழிலில் ஏற்பட்ட நெருக்கடியோடு பிணைந்தது. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகக் கணினி விஞ்ஞானப் பேராசிரியர் டொனால்ட் கனூத்தின் 'கணினி நிரலாக்கக் கலை' என்னும் பெருநூலின் முதற்றொகுதி 1968இல் உலோக எழுத்துக்களால் அச்சுக்கோக்கப்பட்டு வெளிவந்தது. 1977இல் இரண்டாந் தொகுதியின் மறுபதிப்புக்கான பார்வைப்படிகள் அவரிடம் வந்தபோது அவை புதிய ஒளியச்சுக்கோப்பு முறையில் ஆக்கப்பட்டிருந்தன. அவற்றின் தரக்குறைவைக் கண்ட கனூத், அச்சுக்கோப்பினைச் செய்யும் மென்பொருளொன்றைத் தாமே ஆக்க முனைந்தார். அதன் முதல் வடிவம் 1978இல் இயங்கியது. முற்றாக மீள எழுதப்பட்ட வடிவம் 1982இல் உருவாயிற்று. நிரலின் முழுப் பாடத்தையும் விளக்கங்களோடு 1986இல் ஒரு நூலாகவே அவர் வெளியிட்டார். அதே ஆண்டில் லெஸ்லி லாம்போர்ட், டெக்கின்மீது தாம் கட்டியெழுப்பிய லாடெக் கட்டளைத் தொகுதிக்கான கைந்நூலை வெளியிட்டார்.

இவ்வாண்டுகளை இன்னொரு வரலாற்றோடு இணைத்து நோக்குதல் வேண்டும். 1978 யூலையில் நியூயோர்க் ரைம்ஸ், ஈயவார்ப்பு எழுத்துக்களால் கோக்கப்பட்ட தனது கடைசிப் பத்திரிகையை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில், புதிய தொழில்நுட்பம் குறித்த பிணக்கினால், இலண்டன் ரைம்ஸின் நிருவாகம் வெளியீட்டை நிறுத்தியது. அப்பத்திரிகை ஏறத்தாழ ஓராண்டு வெளிவரவில்லை. 1986 சனவரியில் ரூபேட் மர்டொக்கின் இலண்டன் பத்திரிகைகள் வொப்பிங் பகுதியிலிருந்த புதிய ஆலைக்கு மாற்றப்பட்டன. வேலைநிறுத்தஞ் செய்த 5,000க்கு மேற்பட்ட அச்சுத்தொழிலாளர் வேலைநீக்கஞ் செய்யப்பட்டனர். அதன்பின் பத்திரிகையாளர் தாம் எழுதியதைத் தாமே நேரடியாகக் கணினியில் உள்ளிட்டனர். அச்சுக்கோப்பாளர் என்னும் தொழிற்பிரிவு அங்கே முடிவுக்கு வந்தது.

டெக்கின் ஆண்டுகளும் அச்சுத்தொழிலாளர் தோல்வியின் ஆண்டுகளும் ஒன்றியிருத்தல் சதியுமன்று, வெறுந் தற்செயலுமன்று. உற்பத்திச் சக்திகளின் ஒரே வளர்ச்சி இருவேறு உடைமை உறவுகளினுள் இருவேறு விதமாக வெளிப்பட்டது. சொற்களுக்கிடையே எவ்வளவு இடைவெளி விடுவது, வரியை எங்கே முறிப்பது, பக்கத்தின் தொடக்கத்தில் ஒற்றை வரி தனித்து நிற்காமற் காப்பது எப்படி என்பன அச்சுக்கோப்பாளரின் கைகள் பல தலைமுறைகளாகத் தேடிவைத்த அறிவு. பந்தி முழுவதையும் ஒருங்கே கணித்து வரிகளை முறிக்கும் டெக்கின் முறையிலே அவ்வறிவு நிரலாக உறைந்து கிடக்கின்றது. உயிருள்ள உழைப்பு இயந்திரத்துள் இறந்த உழைப்பாகச் சேமிக்கப்படுவதை மார்க்ஸ் விளக்கியுள்ளார். ஹரி பிறேவர்மன் 1974இல் வெளியிட்ட 'உழைப்பும் ஏகபோக மூலதனமும்' என்னும் நூல் இருபதாம் நூற்றாண்டிலே தொழிற்றிறன் தொழிலாளரிடமிருந்து பறிக்கப்படும் முறையினை ஆராய்ந்தது. வொப்பிங்கில் அவ்வறிவு மூலதனத்தின் தனியுடைமையாயிற்று. டெக்கிலோ அது எவரும் வாசிக்கவும் பயன்படுத்தவும் கூடிய பொதுப்பாடமாயிற்று. எனினும் இரண்டிலும் அச்சுக்கோப்பாளர் இல்லாமற்போனார் என்பது மனங்கொள்ளத்தக்கது. லாடெக் எழுதுபவர் தம் கருவியின் சுதந்திரத்தைப் பற்றிப் பேசும்போது, தாம் யாருடைய நாற்காலியில் அமர்ந்திருக்கிறார் என்பதையும் நினைத்தல் தகும்.

3

இனி உரைத்தொகுப்பிக்கு வருவோம். தகவமைத்தல் என்னும் கருத்து முழுமையாக உருப்பெற்றது ஈமாக்ஸ் என்னும் தொகுப்பியிலாகும். இது 1976இல் மாசசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்திலே றிச்சட் ஸ்ரோல்மனாலும் அவருடைய சகபாடிகளாலும் ஆக்கப்பட்டது. அக்கூடத்தில் ஒவ்வொருவரும் தமக்கென எழுதிவைத்திருந்த சிறுகட்டளைத் தொகுதிகள் ஒன்றுதிரட்டப்பட்டதே அதன் தொடக்கம். தனித்தனித் தகவமைப்புகள் ஒருவருக்கொருவர் விளங்காத நிலையை எய்தியபோது அவற்றைப் பொதுமைப்படுத்தும் தேவை எழுந்தது. தொகுப்பியைப் பெறுவோர் தாம் செய்யும் திருத்தங்களைத் திருப்பித் தரவேண்டுமென்பது அதன் வழங்கலுக்குரிய நிபந்தனையாயிற்று. அக்கூடத்தின் பகிர்வு வாழ்வு வணிகத்தாற் சிதைந்தபின் ஸ்ரோல்மன் 1983இல் குனூ திட்டத்தை அறிவித்தார். 1985இல் குனூ ஈமாக்ஸ் வெளிவந்தது.

இத்தொகுப்பியின் வரலாற்றில் விமர்சகர் கவனத்திற்குரிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. மல்ரிக்ஸ் என்னும் கணினி அமைப்புக்காக ஈமாக்ஸை லிஸ்ப் மொழியில் எழுதியவர் பேர்னாட் கிறீன்பேர்க். அவருடைய அலுவலகத்தின் செயலாளர்களும் அதனைப் பயன்படுத்தத் தொடங்கினர். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட கைந்நூல் தொகுப்பியை எவ்வாறு விரிவாக்கலாம் என விளக்கியது. ஆனால் அதற்கு நிரலாக்கம் என்று பெயர் கூறவில்லை. தம்மால் நிரல் எழுதமுடியாது என நம்பியிருந்த அவர்கள் அப்பெயரைக் காணாமையால் அச்சமின்றிக் கற்று நிரல் எழுதினர். ஸ்ரோல்மன் பிற்காலத்து உரையொன்றில் இதனை நினைவுகூர்ந்துள்ளார். உழைப்புப் பிரிவினை ஆற்றலின் வேறுபாட்டால் உண்டாவதாகச் சொல்லப்படுகிறது. பல வேளைகளில் அது பெயரிடுதலாலும் அச்சத்தாலும் பேணப்படுகிறது என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று தேடவேண்டியதில்லை. அச்சகங்களில் ஆண் தொழிலாளர் தொழிற்றிறன் என்னும் கருத்தைக்கொண்டு பெண்களை விலக்கிவைத்தமையைச் சிந்தியா கொக்பேர்ண் 1983இல் இலண்டன் அச்சுக்கோப்பாளர் பற்றிய தமது ஆய்விலே காட்டினார். இவ்விரண்டையும் சேர்த்து நோக்கின் கருவி, தொழிற்றிறன், பால்நிலை ஆகியவற்றின் உறவு துலங்கும்.

'மூலதனம்' முதற்பாகத்திலே மார்க்ஸ் பட்டறை உற்பத்தியை ஆராயும்போது, பர்மிங்காமில் மட்டும் ஏறத்தாழ 500 வகைச் சுத்தியல்கள் ஆக்கப்பட்டமையைக் குறிப்பிடுகிறார். அங்கே கருவி ஒவ்வொன்றும் ஒரேயொரு செயலுக்கெனச் சிறப்பாக்கப்பட்டது. அதனோடு தொழிலாளியும் அந்த ஒரு செயலுக்குள் ஒடுக்கப்பட்டான். உரைத்தொகுப்பியைத் தகவமைப்பவரும் தமது கருவியைச் சிறப்பாக்குகிறார். எனினும் சிறப்பாக்கும் முடிவு அவருடையது. நாளை வேறொரு தேவை எழுந்தால் அம்முடிவை மாற்றுபவரும் அவரே. கருவியின் சிறப்பாக்கம் உழைப்பவனின் ஒடுக்கமாக அமைவதும் விரிவாக அமைவதும் கருவியின் இயல்பாற் தீர்மானிக்கப்படுவதில்லை. அதன்மீதான கட்டுப்பாடு எவரிடம் உள்ளது என்பதே தீர்மானிக்கின்றது.

4

லாடெக் எழுத்துக்கென ஈமாக்ஸில் இயங்கும் முதன்மையான நீட்சி ஓக்டெக் ஆகும். அதன் பெயரின் முற்பகுதி டென்மார்க்கின் ஓல்போர்க் பல்கலைக்கழக மையத்தின் பெயரிலிருந்து வந்தது. அங்கேதான் அது தோன்றியது. கட்டளைகளை ஒவ்வோரெழுத்தாக உள்ளிடாது சில விசைகளால் இடுதல், அத்தியாயங்கள் தனித்தனிக் கோப்புகளாக இருப்பினும் அவற்றின் தலைக்கோப்பினை அறிந்து முழு ஆவணத்தையும் அச்சுருவாக்குதல், பிழை நேர்ந்த வரிக்கு எழுதுபவரைக் கொண்டுசெல்லுதல் ஆகியவற்றை அது செய்கிறது. காஸ்ரன் டொமினிக் ஆக்கிய றெவ்டெக் என்னும் துணைக்கருவி, ஆவணத்திலுள்ள அடையாளங்களையும் நூற்பட்டியலிலுள்ள பதிவுகளையும் பட்டியலிட்டுக் காட்டி, வேண்டியதைத் தெரிந்தெடுக்க உதவுகிறது. அச்சுருவான பக்கத்தில் ஒரு சொல்லைச் சுட்டினால் மூலக்கோப்பில் அச்சொல் உள்ள வரிக்கு மீளும் வசதியும் உண்டு. விம் என்னும் தொகுப்பியை விரும்புவோருக்கும் இவற்றை ஒத்த வசதிகள் கிடைக்கின்றன. 1991இல் பிராம் மூலெனார் முதன்முதலில் வெளியிட்ட அத்தொகுப்பி, பயன்பெறுவோர் உகண்டாவின் சிறுவர்களுக்கு உதவவேண்டுமென்னும் வேண்டுகோளோடு வழங்கப்பட்டு வந்தமை குறிப்பிடற்பாலது.

இவை எல்லாம் ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு வசதிகள். தமிழில் எழுதுபவருக்கோ தகவமைத்தல் எழுதுவதற்கே முன்னிபந்தனையாகின்றது. இவ்விடத்திலேதான் கருவியின் உள்ளார்ந்த சார்புகள் வெளிப்படுகின்றன.

முதலாவது, விசைப்பலகை. லாடெக்கின் கட்டளைகள் உரோம எழுத்தில் அமைந்தவை. ஆய்வுரையோ தமிழில் அமைந்தது. ஒவ்வோர் அடிக்குறிப்புக்கும் ஒவ்வொரு மேற்கோளுக்கும் எழுதுபவர் விசைப்பலகையை மாற்றி மாற்றி அமைக்க வேண்டியிருக்கிறது. கணினி அமைப்பின் மட்டத்தில் ரங்கநாதன் விசைப்பலகையை இயக்கினால் தொகுப்பியின் கட்டுப்பாட்டு விசைகளும் தமிழெழுத்துக்களாக மாறிச் செயலிழக்கின்றன. இதற்குத் தீர்வு, தமிழ் உள்ளீட்டைக் கணினி அமைப்பிடம் விடாது தொகுப்பியின் உள்ளீட்டு முறையிடம் ஒப்படைத்தலாகும். கட்டுப்பாட்டு விசையோடு பின்சாய்கோட்டு விசையை அழுத்தினால் ஈமாக்ஸ் தமிழுக்கு மாறும். கட்டளை விசைகளோ மாறாதிருக்கும். இதன்பின் அடிக்குறிப்பு, மேற்கோள், தலைப்பு ஆகியவற்றுக்குரிய கட்டளைகளை விசைச்சேர்க்கைகளாக அமைத்துக்கொண்டால், தமிழிலிருந்து கையெடுக்காமலே பக்கம் பக்கமாக எழுதிச் செல்லலாம்.

இரண்டாவது, அச்சுக்கோக்கும் பொறி. ஓக்டெக் வழமையாக அழைக்கும் பிடிஎவ்டெக் தமிழ் யுனிகோட் எழுத்தை நேரே கையாள வல்லதன்று. வாஷிங்ரன் பல்கலைக்கழகத்தில் ஆக்கப்பட்ட பழைய தமிழ் முறையொன்றில், உரோம எழுத்திற் பெயர்த்தெழுதிய தமிழை முதலில் வேறொரு நிரலாற் பதப்படுத்தவேண்டியிருந்தது. 2004இல் ஜொனதன் கியூ வெளியிட்ட சீடெக் பொறியே தமிழை அப்படியே எழுதி அப்படியே அச்சுருவாக்க வழிதிறந்தது. அமைவுக் கோப்பில் ஒரேயொரு வரியை மாற்றினால் தொகுப்பி இப்பொறியை அழைக்கும். ஆனால் அந்த வரி இயல்பாக அங்கே இல்லை. தமிழ் எழுதுபவரே அதைச் சேர்க்கவேண்டும். எது இயல்பு, எது விதிவிலக்கு என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரத்தையே கருத்துநிலை என்கிறோம்.

மூன்றாவது, எழுத்து என்றால் என்ன என்னும் வினா. 'கோ' என்பது நமது இலக்கணத்தில் ஓரெழுத்து, அதுவே ஒருமொழியுமாகும். கணினியிலோ அது 'க'வும் உயிர்க்குறியுமாகிய இரு குறிகள். ஈமாக்ஸில் பின்னழிப்பு விசை உயிர்க்குறியை மட்டும் நீக்கிக் 'க'வை எஞ்சவிடுகிறது. முன்னழிப்பு விசை முழு எழுத்தையும் நீக்குகிறது. ஒரே தொகுப்பியில் எழுத்து பற்றிய இரு இலக்கணங்கள் செயற்படுகின்றன. இவற்றில் எதனைக் கொள்வது என்பதை எழுதுபவர் தீர்மானித்து அமைத்துக்கொள்ளலாம். சொல்லடைவு ஆக்கும்போது இப்பிரச்சினை மேலுங் கூர்மையடைகிறது. யுனிகோட் வரிசையில் 'ந'வை அடுத்து 'ன' வருகிறது; 'ழ' 'ள'வுக்குப் பின் வருகிறது. இந்திய எழுத்துக்கள் அனைத்தையும் தேவநாகரியின் ஒழுங்கில் நிரற்படுத்திய குறிமுறையொன்றிலிருந்து பெறப்பட்டமையின் விளைவு இது. நெடுங்கணக்கின்படி அடைவு வேண்டுவோர் அந்த ஒழுங்கினைத் தாமே வரையறுத்துக் கருவிக்குக் கற்பிக்க வேண்டும்.

இத்தகைய தகவமைப்புகள் தனியொருவரோடு நின்றுவிடாது பொதுவாவதற்கும் எடுத்துக்காட்டுகள் உண்டு. ஜப்பானின் சுக்குபா நகரிலுள்ள மின்தொழில்நுட்ப ஆய்வுகூடத்தில், ஆங்கிலம் ஒன்றையே கருதி எழுதப்பட்ட ஈமாக்ஸைப் பன்மொழிக் கருவியாக மாற்றும் முயற்சி மேற்கொள்ளப்பட்டது. அங்கே வளர்ந்த மியூல் என்னும் நீட்சி 1997இல் ஈமாக்ஸின் 20ஆம் பதிப்போடு இணைந்து அனைவர்க்கும் உரியதாயிற்று. நாம் இன்று தொகுப்பியினுள் தமிழ் உள்ளீட்டு முறையைக் காண்பது அவ்வழியிலேயே. அண்மைக்காலப் பதிப்பொன்றிற் செய்யப்பட்ட சிறு மாற்றமும் சுட்டத்தக்கது. ஈமாக்ஸின் தமிழ் உள்ளீட்டு முறைகள் இலக்கத்தை அழுத்தினால் பழந்தமிழ் எண்குறியை இட்டுவந்தன. இன்று தமிழர் அவ்வெண்குறிகளை வழங்குவதில்லை என்னும் காரணத்தால் அது நீக்கப்பட்டு, வேண்டுவோருக்குத் தனிமுறையாக வைக்கப்பட்டது. ஏட்டறிவிலிருந்து எழுந்த ஒரு வழமை வழக்கறிவினால் திருத்தப்பட்டமை இது.

5

லாடெக்கைப் போற்றுவோர் வழமையாகக் கூறும் நியாயம் ஒன்றுண்டு. ஆசிரியன் பொருளை மட்டும் எழுதுக. உருவத்தைக் கருவி பார்த்துக்கொள்ளும் என்பது அந்நியாயம். இலக்கிய மாணவர் இக்கூற்றைக் கேட்டவுடன் எச்சரிக்கை அடைவர். உருவமும் உள்ளடக்கமும் இயங்கியல் ஒருமையுடையவை என்பது நாம் எத்தனையோ விவாதங்களிலே நிலைநிறுத்திய கொள்கை. லாடெக் அவற்றை இயந்திரப் பாங்கிற் பிரிக்கிறதா?

இக்கூற்றினுள் உண்மையும் மயக்கமும் கலந்துள்ளன. தலைப்பினைத் தடித்த எழுத்தெனக் குறிக்காது தலைப்பென்றே குறிப்பது, தோற்றத்திலிருந்து செயற்பாட்டுக்குச் செல்வதாகும். ஆய்வாளர் தமது வாதத்தின் கட்டமைப்பைத் தாமே உணர்ந்து வெளிப்படுத்த வேண்டியிருக்கிறது. இது நல்ல பயிற்சி. ஆனால் உருவம் எங்கும் மறைந்துவிடுவதில்லை. அது வகைக்கோப்பு எனப்படும் வேறொரு கோப்பில் ஏற்கனவே தீர்மானிக்கப்பட்டு இருக்கிறது. கட்டுரை என்றால் என்ன, அதில் எத்தனை நிலைத் தலைப்புகள் இருக்கும், சுருக்கம் எங்கே வரும் என்பன அங்கே முடிவாகியுள்ளன. அம்முடிவுகளுக்கு மாதிரியானது மேலைநாட்டு விஞ்ஞானக் கட்டுரை. கருவி உருவத்தைப் பார்த்துக்கொள்ளும் என்பதன் பொருள், உருவத்தை முன்னமே வேறொருவர் தீர்மானித்துவிட்டார் என்பதாகும்.

செய்யுளை மேற்கோள் காட்டும்போது இது கண்கூடு. கூத்துப் பாடலில் தருவின் அடி, அதன் மடக்கு, பாத்திரத்தின் பெயர், வரவு விருத்தம் ஆகியன பக்கத்தில் இடம்பெறும் விதம் அலங்காரமன்று. ஆடுவோனும் அண்ணாவியாரும் பாடலைக் கொள்ளும் முறையே அவ்வாறு பதிவாகின்றது. லாடெக்கின் வழமையான செய்யுட் சூழல் இவற்றுள் எதனையும் அறியாது. இக்கட்டுரையாளர் தமது ஆய்வுக்காகத் தரு, விருத்தம், வசனம் என்பவற்றுக்குத் தனித்தனிக் கட்டளைகளை வரையறுத்து, தொகுப்பியில் அவற்றுக்கு விசைகளை அமைத்தபோது ஓர் உண்மையை உணர்ந்தார். ஒரு பகுதியைத் தருவெனக் குறிப்பதா, சிந்தெனக் குறிப்பதா என ஒவ்வொரு முறையும் முடிவுசெய்ய வேண்டியிருந்தது. சொற்செயலியில் உள்தள்ளி எழுதித் தப்பித்திருக்கக்கூடிய வினா இது. கருவியைத் தகவமைக்கும் வேலை உருவம் பற்றிய ஆராய்ச்சியாகவே மாறியது.

பாடபேத ஆராய்ச்சிக்கும் இது பொருந்தும். செம்பதிப்புக்கான லாடெக் கட்டளைத் தொகுதிகளுக்கு மூலமான எட்மக், ஜோன் லவஞ்ஞீனோ என்னும் இலக்கிய அறிஞரும் டொமினிக் வுஜாஸ்ரிக் என்னும் சமஸ்கிருத அறிஞரும் சேர்ந்து ஆக்கியது. பலவகை அடிக்குறிப்பு வரிசைகளையும் வரியெண்களையும் அது கையாளும். வணிகம் அத்தகைய கருவியை ஆக்கித்தருமெனக் காத்திராது, பதிப்பாசிரியர் தாமே அதை ஆக்கினர். 1849இல் அச்சியந்திரத்தைக் கொணர்ந்து வண்ணார்பண்ணையில் நிறுவிய ஆறுமுக நாவலரின் சமூக நோக்கு வேறு; அதன் எல்லைகளை நாம் அறிவோம். எனினும் பதிப்பாசிரியன் அச்சுச்சாதனத்தையும் தன் கையில் வைத்திருத்தல் வேண்டுமென அவர் உணர்ந்தமை இவ்வகையில் நினைக்கத்தக்கது.

6

இனி இவ்வழக்கத்தின் மறுபக்கத்தை நோக்குவோம். அச்சுக்கோப்பாளர் முன்னர் ஊதியம் பெற்றுச் செய்த வேலையை இன்று ஆய்வாளர் ஊதியமின்றிச் செய்கிறார். பெரும் சஞ்சிகைக் கம்பனிகள் தமக்கான வகைக்கோப்பினை வழங்கி, அதற்கமையக் கட்டுரையைக் கோத்தனுப்புமாறு கேட்கின்றன. ஆய்வாளர் எழுதி, ஆய்வாளரே அச்சுக்கோத்து, பிற ஆய்வாளர் கூலியின்றி மதிப்பிட்ட கட்டுரையை அவர்களுடைய பல்கலைக்கழக நூலகம் விலைகொடுத்து வாங்குகின்றது. பொதுவாக உற்பத்தியானது தனியார் கைக்குச் செல்லும் முரண்பாட்டுக்கு இதனினுந் தெளிவான வடிவம் அரிது. இந்நிலையில் தொகுப்பியைத் தகவமைத்து வேகமாக எழுதக் கற்றவர், தமது ஊதியமற்ற உழைப்பின் விளைதிறனைக் கூட்டிக்கொண்டவரே ஆவார்.

ஆயினும் இதே சாதனமே அம்முரண்பாட்டை எதிர்க்கும் வழியையும் திறந்தது. 1991இல் போல் கின்ஸ்பார்க் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் தொடங்கிய, இன்று ஆர்க்கைவ் எனப்படும் களஞ்சியத்தில், பௌதிகவியலாளர் தமது கட்டுரைகளின் டெக் மூலக்கோப்புகளையே இட்டு உலகெங்கும் இலவசமாகப் பகிர்ந்தனர். அச்சுக்கோப்பு அவர்கள் கையில் இருந்தமையால் அது இயன்றது. 2012இல் கணிதவியலாளர் ரிமதி கவர்ஸ் எல்செவியர் நிறுவனத்தைப் புறக்கணிக்குமாறு விடுத்த அழைப்பினை ஆயிரக்கணக்கான ஆய்வாளர் ஏற்றுக் கையொப்பமிட்டனர். வெளியீட்டாளர் உண்மையில் என்ன செய்கிறார் என்னும் வினாவைத் தாமே அச்சுக்கோக்கும் துறையினர் முன்னின்று எழுப்பியதில் வியப்பில்லை. உற்பத்தியின் முழுச் செயன்முறையையும் அறிந்தவருக்குச் சுரண்டல் எளிதிற் புலனாகும்.

மொழித்துறையினராகிய நாம் இவ்விடத்தில் மிகப் பின்தங்கியுள்ளோம். நீண்டகாலம் பாமினி போன்ற எழுத்துருக்களில் எழுதி வந்தோம்; அக்கோப்புகளில் உள்ளவை உண்மையில் உரோம எழுத்துக்களே, எழுத்துருவின் வேடத்தால் மட்டும் அவை தமிழாகத் தோன்றுகின்றன. எழுத்துரு அகன்றால் பொருளற்ற எழுத்துக் குவியலே எஞ்சும். சாதாரண யுனிகோட் எழுத்தாலான லாடெக் கோப்பினை எந்தத் தொகுப்பியாலும், எந்த நாட்டிலும், அம்மென்பொருட் கம்பனி அழிந்தபின்னும் வாசிக்கலாம். நூலகம் எரிவதைக் கண்ட ஒரு சமூகத்துக்கு இதன் முக்கியத்துவத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை.

7

இறுதியாக ஒரு சுயவிமர்சனம். இக்கட்டுரையாளர் தமது கலாநிதிப்பட்ட ஆய்வேட்டை எழுதிய காலத்தில், ஓர் அத்தியாயத்தை எழுதி முடித்திருக்கக்கூடிய பல வாரங்களைத் தொகுப்பியை அமைப்பதிற் செலவிட்டார். திரையின் நிறத்தை மாற்றினார். பட்டியல்களின் நிரல்கள் தமிழ் எழுத்துக்களின் வெவ்வேறு அகலத்தினால் நேராக நில்லாதபோது அவற்றை நேராக்கப் போராடினார். கட்டளைப் பெயர்களையே தமிழாக்கி மகிழ்ந்தார். கருவி வளர்ந்தது, ஆய்வு நின்றது. தன் கையாற் செய்த பொருள் தன்னையே ஆளும் நிலையை மார்க்ஸ் எவ்வாறு பெயரிட்டார் என்பதை வகுப்பறையிற் கற்பித்துக்கொண்டே அந்நிலையில் வீழ்ந்திருந்தமை நகைப்புக்குரியதே.

பின்னர், வன்னிப் பிரதேசத்திலிருந்து வந்த மாணவி ஒருவர் தமது ஆய்வேட்டுக்காக அந்த அமைவுக் கோப்பைக் கேட்டார். அறுநூறு வரிக்கு மேற்பட்ட அக்கோப்பு அவரது பழைய மடிக்கணினியில் இயங்கவில்லை. இயங்கச் செய்தபின்னும் அதன் விசைகள் இக்கட்டுரையாளரின் விரல்களுக்கு மட்டுமே பழகியவை. "சேர், இது உங்களுக்காகத்தான் செய்திருக்கிறீங்கள், எங்களுக்கு இதில வழியில்லை" என்றார் அவர். அக்கூற்று முழு விமர்சனமாக அமைந்தது. இருவரும் அமர்ந்து அதனைச் சுருக்கினோம். தமிழ் உள்ளீடு, சீடெக் பொறி, அடிக்குறிப்பும் மேற்கோளும், நூற்பட்டியல், நெடுங்கணக்கு அடைவு ஆகியன மட்டும் எஞ்சின. நாற்பது வரி; ஒவ்வொரு வரிக்கும் மேலே அது என்ன செய்கிறதென்று தமிழிற் குறிப்பு. கட்டளைப் பெயர்கள் மீண்டும் எல்லாரும் அறிந்த பெயர்களாயின. அதன்பின் மூவர் தமது ஆய்வேடுகளை அதில் எழுதினர். அவர்களுள் ஒருவர் அதிலிருந்த பிழையொன்றைத் திருத்தித் தந்தார்.

தனியொருவரின் விரல்களுக்கு மட்டும் பொருந்தும் தகவமைப்பு, தன் பட்டறையைத் தன் உலகமாகக் கருதும் கைவினைஞனின் மனோபாவத்தைச் சார்ந்தது; அது குட்டி முதலாளித்துவ இன்பமாக முடியும். அதற்கு எதிராக, கருவியை உள்ளவாறே ஏற்று எழுதினாற் போதும் என்பது நமது மொழியை விதிவிலக்காக வைத்திருக்கும் ஏற்பாட்டுக்கு உடன்படுவதாகும். மற்றவர் வாசித்து, விளங்கி, திருத்தக்கூடிய விதத்திலே தகவமைத்துத் திருப்பிக் கொடுத்தலே இவ்விரண்டையும் கடக்கும் வழி. ஈமாக்ஸ் தொடக்கத்திலேயே விதித்திருந்த நிபந்தனையும் அதுவே.

நமது தமிழ்த்துறைகள் ஆய்வேடுகளை ஒரு கம்பனியின் சொற்செயலி வடிவிலே கேட்பதை மீளாய்வு செய்யவேண்டும். தமிழ் ஆய்வேட்டுக்கான வகைக்கோப்பு ஒன்றையும், அதனை எழுதுவதற்கான சுருக்கமான தொகுப்பி அமைவையும் ஆசிரியரும் மாணவரும் கூடி ஆக்குதல் இயலாததன்று. கூத்து, வாய்மொழிப் பாடல், ஏட்டுச்சுவடி ஆகியவற்றின் உருவங்களை அதில் எவ்வாறு குறிப்பது என்னும் விவாதம் தன்னளவிலேயே ஒரு விமர்சனப் பணியாக அமையும். மேற்கூறிய நாற்பது வரிகளும் அவ்வேலைக்குத் தொடக்கமாக எவருக்கும் கிடைக்கும்.